நிலாப் பாட்டுக்குப் பின்னால் ஒரு வேலை விளம்பரம்

இந்தப் பொங்கலுக்கும் தொலைக்காட்சியில் ‘மிஸ்ஸியம்மா’ போட்டார்கள். மறுநாள் அண்ணாமலை நகரில் சாயங்கால நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் அதே பேச்சுதான். “அதெல்லாம் படம், டீச்சர்! கவலையே இல்லாத மனுஷங்க. நம்பியார்கூட அதில் சிரிப்பு வில்லன். மூணு மணி நேரம் மனசு லேசாகிடுது” என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். கூட வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ரயில்வே கேட் வரை வாதாடியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் சொன்னது அவர் கருத்து மட்டும் அல்ல. ‘மிஸ்ஸியம்மா’வைப் பற்றி நாற்பது வருடமாக நான் படித்ததும் கேட்டதும் இதேதான். லேசான படம், சுத்தமான படம், குடும்பத்தோடு பார்க்கலாம், நிலாப் பாட்டு அமிர்தம். பராசக்தியும் மனோகராவும் சமூகம் பேசின. இது சிரிக்க வைத்தது, அவ்வளவுதான் என்று பிரித்துவிடுகிறார்கள். எல்.வி. பிரசாத்தே முந்தின வருடம் ‘மனோகரா’வை எடுத்தவர் என்பது நினைவுக்கு வந்தால், இதை அவர் களைப்பாற எடுத்ததாகச் சொல்லிவிடுகிறார்கள்.

காதலை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மேரி படித்த பெண். வளர்த்த தகப்பனுக்குக் கடன். கடன் கொடுத்த டேவிட், பணம் இல்லாவிட்டால் பெண்ணைக் கட்டிக்கொடு என்கிறான். பாலு படித்த ஆண், வேலை இல்லை. ஒரு ஜமீன்தார், தொலைந்துபோன தன் மூத்த மகள் மகாலட்சுமியின் பேரில் ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு ஆசிரியர் வேண்டும். ஒரே நிபந்தனை, பட்டதாரிகளான கணவன் மனைவியாக வரவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லி அந்த வேலையை வாங்குகிறார்கள். இரண்டு பட்டத்தையும் ஒரு பொய்யையும் கூட்டினால்தான் ஒரு சம்பளம். மேரி தன் மதத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும். இதில் கவலை எங்கே இல்லை என்று பேராசிரியர்தான் காட்டவேண்டும்.

படம் வந்தது 1955 ஜனவரி, பொங்கல் சமயம். தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ இரண்டு நாள் முந்திவிட்டது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் ‘படித்தவர் வேலையில்லாத் திண்டாட்டம்’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. அடுத்த வருடம் வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், மெட்ரிகுலேஷனும் அதற்கு மேலும் படித்து வேலை இல்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னது. அதற்கு முன்பே 1953இல் மத்திய அரசு ஒரு யோசனை செய்தது: படித்த இளைஞர்களைக் கிராமப் பள்ளிகளில் வாத்தியாராகப் போட்டால் திண்டாட்டமும் குறையும், ஊரிலும் எழுத்து வாசனை வரும். சென்னை மாநிலத்தில் காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரான பிறகு, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து திறந்த ஓராசிரியர் பள்ளிகளுக்கு அந்தத் திட்டமும் ஓர் ஏணியாக இருந்தது. ஆக, பட்டம் வாங்கியவன் கிராமத்து ஆரம்பப் பள்ளி வேலைக்கு மூட்டை கட்டுவது அன்றைய ரசிகனுக்குக் கற்பனை இல்லை. கொட்டகையில் பக்கத்து நாற்காலியிலேயே ஒரு பாலு உட்கார்ந்திருப்பான். அவன் எதற்குச் சிரித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

கதையின் மூலம் வங்காளத்திலிருந்து வந்தது. ரவீந்திரநாத் மைத்ரா என்பவரின் ‘மான்மயி கேர்ல்ஸ் ஸ்கூல்’. (தாகூர் அல்ல, பெயர் மட்டும் ஒன்று.) 1935இலேயே வங்காளத்தில் படமாகிவிட்டது. சரத்சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்துப் பழகிய சக்ரபாணி அதை எடுத்துத் திரைக்கதையாக்கினார். 1957இல் ஏ.வி.எம். இந்தியில் ‘மிஸ் மேரி’ என்று எடுத்தது. அங்கே மீனாகுமாரி மேரி, நம் ஜெமினி கணேசனே நாயகன். இருபத்திரண்டு வருடம், நான்கு மொழி. ‘தம்பதியாக வந்தால்தான் வேலை’ என்ற ஒற்றை வரியை எந்த மொழியிலும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏன் தம்பதி? ஜமீன்தார் நல்லவர், கல்யாணமானவர்கள் பிள்ளைகளைத் தன் பிள்ளைபோல் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார் என்பார்கள். ஜமீன்தாராக வரும் ரங்காராவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த மனிதர் மிரட்டினாலே வாத்சல்யமாக இருக்கும். ஆனால் முகத்தை விட்டுவிட்டு ஏற்பாட்டைப் பாருங்கள். 1929இல், எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே வருடம், ஹார்ட்டாக் குழு தன் கல்வி அறிக்கையில், கிராமத்தில் தனியாக ஒரு பெண் தங்கி வாத்தியார் வேலை பார்ப்பது எவ்வளவு கடினம் என்று எழுதியது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெண் ஆசிரியர் வேண்டும். பெண் ஆசிரியருக்கு ஊரில் மரியாதை கிடைக்க வாசலில் ஓர் ஆண் செருப்பு கிடக்க வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் தம்பதி ஆசிரியர். நிர்வாகத்துக்கும் லாபம்: இரண்டு ஆசிரியருக்கு ஒரு வீடு. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அதை நான் படத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

1980களின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தனியார் பள்ளிக்கு இன்டர்வியூ போனோம். ஊர், பேர் வேண்டாம். தாளாளர் அறையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அவர் என் பி.எட். சான்றிதழைப் பார்க்கவில்லை. தாலிக்கொடியைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாவே வர்றீங்க, ரொம்ப சந்தோஷம். குவார்ட்டர்ஸ் இருக்கு. சம்பளம் சேர்த்துப் பேசிக்குவோம்” என்றார். சேர்த்துப் பேசினால் ஒன்றரை ஆள் சம்பளம் வந்தது. எங்களுக்கும் பேச வாயில்லை. வீட்டுக்காரருக்கு அப்போது எட்டு மாதமாக வேலை கிடையாது.

சேர்ந்த பிறகுதான் மற்றது புரிந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கும் லீவு வேண்டியிருக்கும் என்று தாளாளரே முடிவு செய்துகொள்வார். வீட்டுக்காரர் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டால், மறுநாள் என் டைம்டேபிளில் ஒரு ஃப்ரீ பீரியட் காணாமல் போகும். ஒருவர் மேல் கோபம் வந்தால் இரண்டு சம்பளமும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்பதால் இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். வேலையை விடுவது என்பது தனியாளுக்கு ஒரு கடிதம். எங்களுக்கு அது குடி பெயர்வது. தம்பதியை வேலைக்கு வைப்பதில் இருக்கிற பெரிய லாபம் இதுதான். ஒருவருக்கு ஒருவர் பிணை.

இது வாத்தியார் சமாசாரம் மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகிற தம்பதியை ‘கொய்தா’ என்கிறார்கள். கொய்தா என்றால் அரிவாள். இரண்டு பேர், ஒரே அரிவாள் கணக்கு, ஒரே முன்பணம். நம் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள், முன்பணமும் ஜோடிக்குத்தான். போன மாதம் சிதம்பரம் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: கோழிப்பண்ணைக்கு கணவன் மனைவி தேவை, தங்க இடம் உண்டு. கீழே கைபேசி எண். பட்டதாரி என்ற ஒரு சொல்லைத் தவிர ‘மிஸ்ஸியம்மா’ விளம்பரம் அப்படியே இருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு மனசு லேசானதாகச் சொல்வாரா?

சரி, படத்துக்குள் வருவோம். வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தால் அங்கே என்ன நடக்கும் என்பதுதான் அதன் நகைச்சுவை அத்தனையும். பள்ளி மணி அடித்தால் வேலை முடியவேண்டும். மேரிக்கும் பாலுவுக்கும் மணி அடித்த பிறகுதான் அசல் வேலை ஆரம்பிக்கிறது. வாசலில் கணவன் மனைவி, கதவைச் சாத்தினால் அந்நியர். முதலாளியின் மனைவி பிரியமாக வந்து எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது ஓர் இன்ஸ்பெக்‌ஷன். அவர்களின் பிரியம் கூடக்கூட இவர்களுக்குச் சிக்கல் கூடுகிறது. பாலு, ஜமீன்தாரின் இளைய மகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தால் மேரிக்குக் கோபம் வருகிறது. அது பொறாமைதான், காதல் துளிர்க்கிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் வேறொன்றும் தெரிகிறது. இவன் அங்கே ஏதாவது ஏடாகூடம் செய்தால் தன் வேலை போகும். இளைய மகளாக வரும் ஜமுனாவின் தாவணிக்குப் பின்னால், மேரியாக வரும் சாவித்திரியின் கண்ணுக்கு டேவிட்டின் கடன்பத்திரம் தெரிகிறது. அந்த முகத்தில் இரண்டையும் சேர்த்து வைக்க முடிந்ததால்தான் சாவித்திரி சாவித்திரி.

நிலாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது, ராஜேஸ்வர ராவ் இசை, தஞ்சை ராமையாதாஸ் வார்த்தை. கல்யாண வீட்டு மேடைகளில் இன்றைக்கும் இதைக் காதல் பாட்டாகப் பாடுகிறார்கள். வார்த்தைகளைக் கேட்டால் அது புகார் மனு. அவன் இவளைப் பற்றி நிலவிடம் குறை சொல்கிறான். இவள் அவனைப் பற்றிச் சொல்கிறாள். நேருக்கு நேர் சண்டை போட முடியாது, காம்பவுண்டுக்குள் முதலாளி இருக்கிறார். அதனால் சண்டையை ராகத்தில் போடுகிறார்கள். கேட்கிற காதுக்கு ஜோடிப் பாட்டு, பாடுகிறவர்களுக்குத் தகராறு. தமிழ் சினிமாவில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பாட்டுச் சூழல் எனக்குத் தெரியவில்லை. அதைப் போய் அமிர்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம். அண்ணாமலை நகர் என்ற ஊரே ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழுந்தது. வள்ளல் கட்டிய கல்லூரி, அவர் குடும்பத்து அம்மையார் பெயரில் பள்ளி, வேலை பார்ப்பவர்களுக்கு வரிசை வீடுகள். ஒருவருக்கு ஒருவர் துறையிலும் தெரியும், கொடியில் காயும் துணியிலும் தெரியும். படத்தின் ஜமீன்தார் மகள் பேரில் பள்ளி நடத்துவதை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் இந்த ஊரில் இருந்துகொண்டே ஒருவர் ‘கவலை இல்லாத படம்’ என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

தங்கவேலுவை மறந்துவிட்டுப் பேசினால் பாவம். ஜமீன்தாரின் மருமகன் ராஜுவாக, துப்பறியும் சிங்கமாக அவர் வருகிறார். ஒரு பைசா வருமானம் கிடையாது, ஆனாலும் அவருக்கு ஒரு தொழில் இருக்கிறது. மாமன் வீட்டுச் சாப்பாடு இருந்தால் துப்பறிவாளன் வேஷம் போடலாம். சாப்பாட்டுக்கு வழியில்லாவிட்டால் கணவன் வேஷம்தான் போடவேண்டும். அதே தங்கவேலு நாலு வருடம் கழித்து, 1959இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ படத்தில், வேலையே இல்லாமல் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று மனைவி எம். சரோஜாவிடம் புளுகுகிறார். அந்தக் கம்பெனி பெயர் இன்றைக்கும் நம் பேச்சில் போலிக் கம்பெனிக்கு மறுபெயர். 1981இல் ‘தில்லு முல்லு’: வேலைக்காக ஒரு மீசை, அதைக் காப்பாற்ற ஒரு தம்பி. குடும்பச் சித்திரம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்த படங்களின் அடியில் தோண்டினால் வேலைக்காகச் சொன்ன ஒரு பொய் கிடக்கிறது. மாமியார் மருமகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் படம் எடுக்கப்பட்ட கதையே ஒரு வேலைத் தகராறு. மேரியாக முதலில் நடித்தது பானுமதி. சில ரீல்கள் எடுத்தும் ஆயிற்று. ஒருநாள் வரலட்சுமி நோன்பை முடித்துவிட்டுப் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார்; தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார்; பானுமதி எழுதித் தர மறுத்தார்; எடுத்ததைச் சக்ரபாணி கொளுத்திவிட்டார் என்று சினிமா உலகத்தில் சொல்வார்கள். தங்கை வேடத்துக்கு வைத்திருந்த சாவித்திரி மேரியானார், தங்கை வேடம் ஜமுனாவுக்குப் போனது. வீட்டில் பூஜை, வேலையில் தாமதம், மேலதிகாரியிடம் மன்னிப்புக் கடிதம்: வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த முக்கோணத்தில் மாட்டியிருப்பாள். பானுமதி சொந்தமாகப் படக் கம்பெனி வைத்திருந்தவர், முடியாது என்று சொல்ல முடிந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்தோம். ‘இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்’ என்று எத்தனை கடிதம்!

இப்போதைய பிள்ளைகள் வேறொரு குற்றச்சாட்டோடு வருகிறார்கள். என் மகளே சொல்கிறாள்: “கிறிஸ்தவப் பெண்ணைக் கடைசியில் இந்துப் பெண் என்று ஆக்கிவிட்டார்களே, அம்மா. இது என்ன சமரசம்?” பேராசிரியருக்குச் சொன்னதைவிட இவளுக்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலில் இருக்கும் மச்சத்தை வைத்துக் குழந்தையில் தொலைந்த மகாலட்சுமி இவள்தான் என்று கண்டுபிடித்ததும், மேரியாக வாழ்ந்த வருடங்களெல்லாம் ஒரு தவறான முகவரிபோல் ஆகிவிடுகின்றன. மாதாவை நோக்கி அவள் பாடிய பாட்டு மட்டும் நம் காதில் தங்கிவிட்டது. ஆனால் மகளும் பாதியில் நின்றுவிடுகிறாள். அந்த முடிவு மதத்தை மட்டும் மாற்றவில்லை, அவள் இருந்த இடத்தையும் மாற்றுகிறது. சம்பளக்காரி முதலாளி மகளாகிறாள். சம்பளக்காரன் மருமகனாகிறான். பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களை அந்த ஜமீன்தார் மன்னித்தாரா என்ற கேள்விக்குப் படம் பதிலே சொல்லவில்லை. மகளையும் மருமகனையும் ஏற்றுக்கொண்டார் என்றுதான் காட்டுகிறது. காலில் மச்சம் இல்லாத மேரிக்கு என்ன ஆகியிருக்கும்? டேவிட் காத்துக்கொண்டிருந்தான் அல்லவா?

‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லாத நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. ஆண்டுவிழா மேடையில், சம்பளம் தள்ளிப்போகிற மாதத்தில், ஊக்க ஊதியம் கேட்டு நிற்கும்போது, எப்போதும் அந்த வாக்கியம் வரும். ‘மிஸ்ஸியம்மா’வைத் தவிர வேறு எங்கும் அது உண்மையாகிப் பார்த்ததில்லை. அதுவும் ஒரு மச்சத்தின் தயவில்.

“அந்தக் காலத்துல பொய்யிலகூட ஒரு வெகுளித்தனம் இருந்தது, டீச்சர்” என்பது பேராசிரியரின் கடைசி ஆயுதம். காலம் என்ன மாறிவிட்டது? 2013இல் அரசு சட்டம் இயற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் ஆள் இருந்தார்கள் என்று கணக்கு வந்தது. பிறகு பணிநிரவல் என்ற சொல் எங்கள் ஊருக்குள் நுழைந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் வெவ்வேறு மாவட்டத்து அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். நிதி நிலைமைக்கு வேறு வழி இருந்ததா என்பது தனி வாதம், அதற்குள் போகவில்லை. ஆனால் கணவனும் மனைவியும் இங்கேயே வேலை பார்த்த வீடுகளில், வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்காக ஒருவர் காத்திருப்பது வழக்கமாயிற்று. மேரியும் பாலுவும் வேலைக்காகத் தம்பதியானார்கள். இங்கே தம்பதிகள் வேலைக்காகத் தனியாளானார்கள். பள்ளிக்கல்வித் துறையின் இடமாறுதல் கலந்தாய்வில் கணவன் மனைவி முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது. துணைவர் பணிபுரியும் இடத்திலிருந்து சான்று வாங்கி வைக்கவேண்டும். நாம் தம்பதிதான் என்பதை முத்திரையோடு நிரூபித்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் போய், பொய்த் தம்பதி கதை வெகுளித்தனம் என்று யார் சொல்வது?

“இப்படிப் பார்த்தா எந்தப் படத்தையும் ரசிக்க முடியாது” என்று ரயில்வே கேட்டில் அவர் சலித்துக்கொண்டார். ரசிக்காமலா பன்னிரண்டு தடவை பார்த்தேன்? பாலுவாக வரும் ஜெமினி கணேசன் அந்த வீட்டுக்குள் திருதிருவென்று விழிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நடிக்க வருவதற்கு முன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவர், பிறகு ஜெமினி ஸ்டூடியோவில் நடிப்பதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பிரிவில் இருந்தவர். வேலை கேட்டு வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருப்பார். வீட்டுக்காரர் எனக்கு மேல் சிரிப்பார்.

எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னல் தாளாளர் வீட்டுக் கொல்லைப் பக்கம் திறக்கும். ஆறு வருடம் அங்கே இருந்தோம். இப்போது முத்தையா நகரில் சொந்த வீடு, சுற்றிலும் காலி மனை, கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. போன வாரம் மகள் வந்திருந்தாள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு பண்ண மறந்ததில் எங்களுக்குள் நல்ல சண்டை. கூடத்தில் இருந்தவள் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: “நீங்க ரெண்டு பேரும் ஏன் எப்பவும் கிசுகிசுன்னே சண்டை போடுறீங்க?”